தினம் ஒரு வரலாற்றுக் கேள்வி: வேலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கு எப்படித் தயாரிப்பது?

கேட்டவர் குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் சமூக அறிவியல் ஆசிரியர். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ‘வரலாற்றில் இன்று’ என்று தினம் ஒரு கேள்வி கேட்கிறார். வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலில் இருந்து எடுப்பதால் பிள்ளைகளுக்கு அது ஒட்டவில்லை. இரண்டு முறை தேதியே தப்பு என்று பெற்றோர் சொல்லிவிட்டார்கள். நம்ம ஊர்ச் செய்திகளை வைத்து ஓராண்டுக்குக் கேள்வி தயாரிப்பது எப்படி, தேதியைச் சரிபார்ப்பது எப்படி என்பது அவர் கேள்வி.

366 நாளுக்கும் கேள்வி தேட வேண்டாம். ஒரு கேள்விக்கு ஓர் அட்டை என்று எழுதி வையுங்கள்; ஞாயிறு, விடுமுறை, தேர்வு நாள் எல்லாம் போக ஏறக்குறைய 200 அட்டை இருந்தால் ஓராண்டு ஓடும். அதில் 60 அட்டையாவது வேலூரை உள்ளடக்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்தைப் பற்றியதாக இருக்கட்டும். மீதியைத் தமிழ்நாடு, இந்தியா, உலகம் என்று பிரித்துக்கொள்ளலாம். இன்னும் ஒரு 20 அட்டை தேதியே இல்லாதவையாகத் தனியே வையுங்கள். தக்கோலப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். சோழ இளவரசர் இராஜாதித்தர் யானை மேல் இருந்தபடியே வீழ்ந்த போர், அரக்கோணத்துக்குப் பக்கத்தில் நடந்தது. ஆண்டு 949 என்று தெரியும், நாள் தெரியாது. கல்வெட்டுகளில் பெரும்பாலும் அரசரின் ஆட்சியாண்டுதான் இருக்கும். நட்சத்திரமும் கிழமையும் சேர்ந்து வரும் சில கல்வெட்டுகளுக்கே இன்றைய தேதியைக் கணக்கிட முடியும். ஆகவே தக்கோலத்துக்கு இணையத்தில் யாராவது ஒரு தேதி போட்டிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். தேதிக்கேற்ற செய்தி கிடைக்காத நாளில் இந்த அட்டைகள் கைகொடுக்கும்.

இனி கேள்வியின் அமைப்பு. பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். ‘வேலூர்ச் சிப்பாய்க் கலகம் எந்த நாளில் நடந்தது?’ என்று ஜூலை 10 அன்று கேட்டால் அது கேள்வியே இல்லை. தலைப்பிலேயே ‘இன்று’ என்று சொல்லியாகிவிட்டது. தேதியை நாமே கொடுத்துவிடுவதால் கேள்வி இடம், ஆள், காரணம், விளைவு, தூரம், ஆண்டு இடைவெளி இவற்றில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். அதிலும் காரணத்தைக் கேட்கும் கேள்விதான் பிள்ளைகள் மனத்தில் நிற்கும்.

ஜூலை 10 அட்டையை முழுதாக எழுதிக் காட்டுகிறேன். அஞ்சலட்டை அளவு தடித்த காகிதம் போதும். முன்பக்கம் கேள்வி மட்டும்: ‘1806இல் இதே நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கினார்கள். முந்தின ஆண்டு நவம்பரில் வந்த ஓர் ஆணைதான் அவர்கள் கோபத்தை மூட்டியது. அந்த ஆணை எதைப் பற்றியது? அ) சம்பளக் குறைப்பு ஆ) கடல் கடந்து போருக்குப் போவது இ) தலைப்பாகையும் தோற்றமும் ஈ) புதிய துப்பாக்கித் தோட்டா’. விடை இ. நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடி வேண்டாம், தோல் சேர்த்த புதுவகைத் தலைப்பாகையைக் கட்டு என்பது ஆணை. அப்போது சென்னை மாகாணப் படைத் தலைவர் சர் ஜான் கிராடக். ஆளுநர் வில்லியம் பெண்டிங்க். தோட்டா 1857க்கு உரியது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் அதைத்தான் சொல்வார்கள். அதனால்தான் அந்தத் தெரிவு அங்கே இருக்கிறது.

பின்பக்கம் ஆசிரியருக்கானது. விடை, இரண்டு வரி விளக்கம், தேதி எந்த நூலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அன்றைய இடப்பெயரும் இன்றைய மாவட்டமும், யாரும் மறுத்துக் கேட்டால் சொல்ல ஒரு குறிப்பு. ஜூலை 10க்கு அந்தக் குறிப்பு இரண்டு. கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தான் குடும்பத்தில் 9ஆம் தேதி திருமணம். கலகம் அன்று இரவு கழிந்து 10ஆம் தேதி அதிகாலை. ‘9ஆம் தேதி இரவு’ என்று எங்காவது எழுதியிருந்தால் அதுவும் இதே இரவைத்தான் சொல்கிறது. இரண்டாவது, ‘இந்தியாவின் முதல் விடுதலைப் போர்’ என்று அட்டையில் எழுதாதீர்கள். பூலித்தேவர், கட்டபொம்மன், மருது சகோதரர்கள் எல்லாரும் 1806க்கு முந்தினவர்கள். நெல்லையில் உறவு இருக்கிற ஒரு பிள்ளை எழுந்து கேட்டால் பதில் இருக்காது. ‘1857க்கு 51 ஆண்டு முந்தைய சிப்பாய் எழுச்சி’ என்பது யாரும் அசைக்க முடியாத வாக்கியம். ‘முதல்’, ‘மிகப் பெரிய’, ‘ஒரே’ என்ற சொற்கள் வந்தாலே அந்த அட்டையை ஒரு நாள் ஒதுக்கி வைத்து மறுபடி பாருங்கள்.

இறந்தவர் எண்ணிக்கையையும் கேள்வியாக்க வேண்டாம். வெள்ளையர் பக்கம் 69ஆம் ரெஜிமென்ட்டில் மட்டும் நூறு பேருக்கு மேல் என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. ஆற்காட்டில் இருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டபின் எத்தனை சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள் என்பதில்தான் 350 என்றும் 800 என்றும் நூலுக்கு நூல் மாறுகிறது. எண்ணிக்கை உறுதியில்லை என்றால் தூரத்தைக் கேளுங்கள். செய்தி கேட்டு அவர் குதிரையில் கடந்தது ஏறக்குறைய 16 மைல். அந்தச் சாலையில் இன்று பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு அது உடனே புரியும்.

இப்போது தேதிச் சிக்கலுக்கு வருகிறேன். பெற்றோர் சொன்ன தவறுகள் பெரும்பாலும் நான்கு வழியில் வரும். அதில் முதலாவது, நாட்காட்டி வேறுபாடு, நம் மாவட்ட வரலாற்றில் அடிக்கடி வருவது.

ஆம்பூர்ப் போரை எடுங்கள். ஆற்காட்டு நவாப் அன்வாருதீன் அதில் கொல்லப்பட்டார். சந்தா சாகிப்பும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையும் எதிர்ப்பக்கம். ஒரு நூலில் 1749 ஜூலை 23 என்றிருக்கும். இன்னொன்றில் ஆகஸ்ட் 3. இரண்டும் சரி. அப்போது ஆங்கிலேயர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்திருந்தார்கள். பாண்டிச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு எப்போதோ மாறிவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் இடைவெளி 11 நாள். சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தது ஆங்கிலேயக் கணக்கில் 1746 செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்கில் 21. 1752இல் இங்கிலாந்து மாறியபோது செப்டம்பர் 2க்கு மறுநாள் 14 என்று வைத்தார்கள். கர்நாடகப் போர்களின் பாதி இந்த மாற்றத்துக்கு முன்பும் பாதி பின்பும் நடந்ததால் வட ஆற்காட்டு வரலாற்றில் இந்த 11 நாள் அடிக்கடி குறுக்கிடும். கிளைவ் ஆற்காட்டைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கியது 1751. ஆங்கில நூல்கள் முற்றுகை முடிந்த நாளை நவம்பர் 14 என்று சொல்லும். வந்தவாசிப் போர் 1760 ஜனவரி 22. அது மாற்றத்துக்குப் பிந்தியது, பயமில்லாமல் போடலாம்.

ஆகவே விதி எளிது. 1752க்கு முந்தைய ஐரோப்பியத் தொடர்புள்ள எந்த நிகழ்ச்சிக்கும் அது யார் நாட்காட்டி என்று அட்டையின் பின்னால் எழுதுங்கள். ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான நாளாக இருந்தால் ஆண்டையும் பாருங்கள். பழைய ஆங்கிலேயக் கணக்கில் மார்ச் 25இல்தான் ஆண்டு பிறக்கும், அதனால் ஓர் ஆண்டு பின்தங்கி நிற்கும். ரஷ்யாவுக்கு இந்த எல்லை 1918 வரை நீளும். ‘அக்டோபர் புரட்சி’ நவம்பர் 7இல் நினைவுகூரப்படுவது அதனால்தான். ஆம்பூர்ப் போரை ஆகஸ்ட் 3 அன்று கேளுங்கள், இரண்டு தேதி ஏன் என்பதையே கேள்வியாக வையுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

இரண்டாவது வழி, ஒரே செய்திக்கு அறிவிப்பு ஒரு நாள், தொடக்க விழா ஒரு நாள், நடைமுறை ஒரு நாள் என்று இருப்பது. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை இராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கி.மீ. இராயபுரம் நிலையத் திறப்பு விழா 1856 ஜூன் 28. பொதுமக்களுக்கு ரயில் ஓடத் தொடங்கியது ஜூலை 1. நாளிதழ்களில் இரண்டு தேதியும் வரும். அந்த நாளில் கடைசி நிலையத்துக்கு ‘ஆற்காடு’ என்றே பெயர். அது தெரியாமல் ‘ரயில் ஆற்காட்டுக்குப் போனது’ என்று படித்துவிட்டு ஆற்காடு டவுனில் ஸ்டேஷனைத் தேடுவார்கள். இதேபோல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் அறிவிப்பு வந்தது 2019 ஆகஸ்ட் 15. திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்கள் தொடங்கி வைக்கப்பட்டது நவம்பர் 28. அட்டையில் ‘அறிவிக்கப்பட்டது’, ‘தொடங்கப்பட்டது’, ‘நடைமுறைக்கு வந்தது’ என்று வினைச்சொல்லைச் சரியாகப் போட்டாலே பாதிச் சண்டை தீரும்.

மூன்றாவது, நேர மண்டலம். ஆம்ஸ்ட்ராங் ஏறிய கலம் நிலவில் இறங்கியது உலக நேரப்படி 1969 ஜூலை 20 இரவு 8.17. இந்தியாவில் அப்போது 21ஆம் தேதி அதிகாலை 1.47. அவர் கால் வைத்தது அமெரிக்காவில் 20ஆம் தேதி இரவு, நமக்கு 21 காலை. நம் மாவட்டப் பக்கத்திலேயே இதற்கு ஓர் அருமையான இணை உண்டு. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது அதைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரிய வந்தது. ஆலங்காயம் பக்கத்துக் காவலூர் வானாய்வகமும் அந்த மறைப்பைப் பதிவு செய்தது. கண்டுபிடிப்பின் பெருமை விமானத்தில் இருந்து பார்த்த அமெரிக்கக் குழுவுக்கு. அதை மாற்றிச் சொல்ல வேண்டாம். உலகக் கணக்கில் மார்ச் 10. காவலூர் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டி 11. காவலூரை வைத்து இன்னும் இரண்டு அட்டை எழுதலாம். 1986 ஜனவரி 6 அன்று 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். 1988 பிப்ரவரி 17 அன்று அங்கே கண்டுபிடித்த குறுங்கோளுக்கு ‘ராமானுஜன்’ என்று பெயர். வரிசை எண் 4130.

நான்காவது, நூல்களே ஒரு நாள் முன்னே பின்னே சொல்வது. ஹைதர் அலி சித்தூர்ப் பக்கத்துப் பாசறையில் இறந்தது 1782 டிசம்பர் 7 என்று பெரும்பாலும், 6 என்று சிலவற்றிலும் இருக்கும். இறந்த செய்தியைச் சில காலம் மறைத்து வைத்தார்கள் என்பது இங்கே கூடுதல் சிக்கல். இப்படிப்பட்டதை ‘1782இல் இந்த வாரம்’ என்று மாற்றிவிடுங்கள். ஒன்றும் குறையாது.

சரிபார்ப்புக்கு இரண்டு சான்று வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். இரண்டு இணையப் பக்கம் இரண்டு சான்று ஆகாது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியிருக்கும். ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழை இரண்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும். ஒரு சான்று அச்சு நூலாக இருக்கட்டும்: பள்ளிப் பாடநூல், மாவட்டக் கெசட்டியர், 1881இல் வெளிவந்த வட ஆற்காடு மாவட்ட மேனுவல். இன்னொன்று நேரில் பார்க்கிற சான்று. கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. மக்கான் சந்திப்பில் சிப்பாய் நினைவுத் தூண் இருக்கிறது. கல்லில் வெட்டியிருக்கிறது என்பதற்காகவே தேதி சரியாகிவிடாது, பின்னாளில் வைத்த கல்லாக இருக்கலாம். ஆனாலும் பிள்ளை போய்ப் படித்துவிட்டு வரக்கூடிய சான்று என்பது பெரிய விஷயம்.

இடப்பெயரில் கவனம் வேண்டும். இராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 பிறந்தபோது திருத்தணி வட ஆற்காடு மாவட்டம். 1911 ஏப்ரல் 1 சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போனது; 1960 ஏப்ரல் 1 தமிழ்நாட்டுக்குத் திரும்பிச் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது; இன்று திருவள்ளூர் மாவட்டம். அவர் வாலாஜாபேட்டையிலும் வேலூர் ஊரிசு கல்லூரியிலும் படித்தவர். ஆசிரியர் தினத்தன்று எல்லாப் பள்ளியிலும் கேட்கும் கேள்வியை விட்டு, ‘அவர் பிறந்த ஊர் இதுவரை எத்தனை மாவட்டங்களில் இருந்திருக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். வந்தவாசிக்கும் இப்படித்தான்: போர் நடந்த ஊர் பழைய வட ஆற்காடு, 1989 செப்டம்பர் 30க்குப் பிறகு திருவண்ணாமலைப் பக்கம். ‘அன்று’, ‘இன்று’ என்று இரண்டு பெயரும் எழுதும் பழக்கம் இருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

நாடே ஒரு செய்தியைப் பேசும் நாளில் நம் ஊர்ச் செய்தி மறைந்துவிடும். அதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஜனவரி 30 காந்தியடிகள் நினைவு நாள்; மௌன அஞ்சலி முடிந்தபின் ஒரு கேள்வி: ‘1832இல் இதே நாளில் ஒரு நாட்டின் கடைசி அரசர் வேலூரில் இறந்தார். எந்த நாடு?’ கண்டி. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் பிடிபட்டு வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்தவர். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவர் நினைவிடம். அந்த வழியே தினம் பஸ்ஸில் போகிற பிள்ளைகள் அன்று மாலை எட்டிப் பார்ப்பார்கள். டிசம்பர் 9 வேலூர் சிஎம்சி மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் பிறந்த நாள், 1870, ராணிப்பேட்டையில். அவர் 1918இல் பெண்களுக்காக மட்டும் தொடங்கிய மருத்துவப் பள்ளி எந்த ஆண்டு ஆண்களைச் சேர்த்தது என்று கேளுங்கள், 1947. மார்ச் 16க்கு ஜலகண்டேஸ்வரர் கோயில்: நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்த கோட்டைக் கோயிலுக்கு 1981இல் சத்துவாச்சாரியில் இருந்து லிங்கம் திரும்பியது. மார்ச் 20க்கு இராஜாஜி. 1921 டிசம்பர் 21 முதல் 1922 மார்ச் 20 வரை மூன்று மாதம் வேலூர்ச் சிறையில் இருந்து நாட்குறிப்பு எழுதினார். அக்டோபர் 10 தமிழறிஞர் மு. வரதராசன் (மு.வ.) நினைவு நாள்.

தெரிவுகளைப் பற்றி ஒன்றிரண்டு. தவறான மூன்றும் விடையின் இனத்தையே சேர்ந்திருக்க வேண்டும். மூன்று ஊரும் ஓர் ஆளும் கலந்தால் கேள்வி கெட்டது. ஆண்டுகளைக் கொடுக்கும்போது 1700, 1750, 1800 என்று சீராக வைக்காமல், ஒவ்வொன்றும் வேறு ஏதோ உண்மையான நிகழ்ச்சியின் ஆண்டாக இருக்கட்டும். ‘மேற்கண்ட எதுவும் இல்லை’ வேண்டவே வேண்டாம். சரியான விடைதான் எப்போதும் நீளமாக இருக்கிறதா என்று 20 அட்டையை மொத்தமாகப் பரப்பிப் பாருங்கள். நமக்குத் தெரியாமலே அப்படித்தான் எழுதியிருப்போம். இடமும் இ, ஆ என்றே விழும். சீட்டுக் குலுக்கி இடத்தை மாற்றுங்கள்.

நடத்துவதற்கு மூன்று நிமிடத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். காலையில் கேள்வியை இரண்டு முறை படித்து, அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டு, விடையை மறுநாள் காலை சொல்லுங்கள். அங்கேயே கை தூக்கச் சொன்னால் அதே ஐந்து பேர்தான் தூக்குவார்கள். பெயர், வகுப்பு, விடை, ‘ஏன்’ என்று ஒரு வரி எழுதிய சீட்டை மதியத்துக்குள் பெட்டியில் போடட்டும். மதிப்பெண் அந்த ‘ஏன்’ வரிக்கு. போனில் தேடி எழுதினாலும் பரவாயில்லை. எங்கே பார்த்தாய் என்பதையும் எழுதச் சொல்லுங்கள், உங்களுக்கே புதுச் சான்று கிடைக்கும்.

தவறு நேர்ந்தால் மறுநாள் அதே கூட்டத்தில், சுட்டிக்காட்டியவரின் பெயரைச் சொல்லித் திருத்துங்கள். அட்டையைக் கிழிக்காமல் சிவப்பு மையில் திருத்தித் தேதி போடுங்கள். அடுத்த ஆண்டு வருகிற ஆசிரியருக்கு அந்தச் சிவப்புக் கோடுதான் எச்சரிக்கை.

பிப்ரவரி 29க்கு ஓர் அட்டை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். அடுத்து வருவது 2028. மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. அவருடைய அடுத்த பிறந்த தேதி எந்த ஆண்டு வந்தது என்று கேளுங்கள். 1900 என்பார்கள். 1904. நூற்றாண்டு 400ஆல் வகுபட்டால்தான் லீப் ஆண்டு என்பது கிரிகோரியன் விதி. ஜூலியன் நாட்காட்டியில் அந்த விதி இல்லை. ஆம்பூர்ப் போருக்கு 11 நாள் இடைவெளி வந்ததும் இதே காரணத்தால்தான் என்று அட்டையின் பின்பக்கம் எழுதி, ஆகஸ்ட் 3 அட்டையின் எண்ணையும் அங்கே குறித்து வையுங்கள்.